ராஜபாளையத்துக்காரி வீட்டுல ஏன் நாய் இல்ல

போன மாசம் ஒரு கல்யாணத்துல பந்தில உட்கார்ந்திருக்கேன், எதிர் வரிசைல இருந்த சித்தி எல்லார் காதுலயும் விழுற மாதிரி கேட்டுட்டாங்க, "ஏட்டி, ராஜபாளையத்துல பொறந்துட்டு பிள்ளைக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் குடுக்க மாட்டேங்கியாமே"ன்னு. போட்டுக் குடுத்தது என் மகதான், ஆறாங்கிளாஸ் படிக்கா. நான் பாயசத்தைக் குடிச்சுட்டு சிரிச்சு மழுப்பி எந்திருச்சு வந்துட்டேன், ஆனா சொல்லாம விட்ட பதில் உள்ளயே கெடந்து உறுத்துது, அதான் இங்க கொட்டுறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எங்க தாத்தா வீட்டுல ராஜபாளையம் நாய் இருந்துச்சு. வெள்ளை வெளேர்னு, மூக்கு மட்டும் ரோஸ் கலர்ல. தாத்தாவைத் தவிர யாருக்கும் அடங்காது. எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காது, சரியான திமிரு பிடிச்சதுன்னு நாங்க பேசிக்குவோம். அதுக்குக் காதே கேக்காதுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அந்த இனத்துல அப்படி செவிடாப் பொறக்குற குட்டிங்க உண்டு. தாத்தா மட்டும் கூப்பிடவே மாட்டார், கம்பை தரைல தட்டுவார், அந்த அதிர்வுக்கு எழுந்து வரும். அவருக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு, எங்ககிட்ட சொல்லணும்னு தோணல போல.

இப்ப யோசிச்சா அந்த நாயை நாங்க யாரும் "வளர்க்கல". வீட்டுல எந்நேரமும் எட்டு பேர் இருப்பாங்க, பின்னாடி மாந்தோப்பு, ராத்திரி பூரா ஓடும், காலைல வந்து திண்ணைல படுக்கும். சோறு போட ஒருத்தர் மறந்தா இன்னொருத்தர் போடுவாங்க. அந்த வீட்டுக்கு நாய் வளர்க்குறது ஒரு வேலையே இல்ல. அதை நெனச்சுக்கிட்டு நான் சென்னை மேடவாக்கத்துல ரெண்டாவது மாடி வாடகை வீட்டுல ஒரு குட்டியைக் கொண்டாந்து விட்டா, அது என்ன பண்ணும்? காலைல எட்டரைக்கு கதவைப் பூட்டினா பிள்ளை வர்றது நாலு மணிக்கு, நாங்க ரெண்டு பேரும் வர ஆறரை ஏழு ஆயிரும். ரெண்டு மாசக் குட்டி ரெண்டு மணி நேரம் மூத்திரத்தை அடக்குனாலே பெரிசு.

சரி, "எனக்கு நாய்னா உயிர்"னு எல்லாரும் சொல்றோம்ல. அது ஒரு தகுதியே இல்லைங்கிறது என் கருத்து. எனக்கு கடலும்தான் உயிர், அதுக்காக போட் வாங்குனேனா?

அதனால நாங்க வீட்டுல ஒரு ஒத்திகை வச்சோம். ஐடியா என் வீட்டுக்காரரோடது, மொதல்ல கிண்டலாத்தான் சொன்னார். நாய் இல்லாமலே முப்பது நாள் நாய் வளர்க்கணும். காலைல அஞ்சரைக்கு எந்திருச்சு கீழ இறங்கி அரை மணி நேரம் நடக்கணும், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி இருபது நிமிஷம். ஞாயித்துக்கிழமையும் உண்டு, காய்ச்சலும் உண்டு, விருந்தாளி வந்தாலும் உண்டு. ஒருத்தர் எப்பவுமே மத்தியானம் ஒரு தடவை வீட்டை வந்து பாக்கணும், முடியலன்னா அன்னிக்கு நோட்டுல ஒரு சிவப்புப் புள்ளி. அப்புறம் நாயோட மாசச் செலவை உண்டியல்ல போடணும். எவ்வளவுன்னு கணக்கு பக்கத்து பிளாக்ல லேப்ரடார் வச்சிருக்க என் தோழிகிட்ட கேட்டோம், அவ சாப்பாடு, உண்ணி மருந்து, ஊசி, டாக்டர்னு வருஷக் கணக்கை பன்னெண்டால வகுத்து மாசம் அஞ்சாயிரம்னு சொன்னா. அதுவும் ஒரு பெரிய வியாதியும் வராத வருஷத்துக்கு.

ஒத்திகை நவம்பர்ல ஆரம்பிச்சோம், வேணும்னு இல்ல, அப்படி அமைஞ்சுது. மகள் மொத நாலு நாள் அலாரத்துக்கு முன்னாடியே ரெடி. அஞ்சாவது நாள் மழை. எங்க தெருவுல கணுக்கால் தண்ணி, குடையைப் பிடிச்சுக்கிட்டு இல்லாத நாயோட நானும் அவரும் நடந்தோம், வாட்ச்மேன் அண்ணன் எங்களை ஒரு மாதிரி பாத்தார். பதினோராவது நாள் மூணு பேருமே எந்திரிக்கல. எந்திரிக்கலன்னு யாரும் யாரையும் கேக்கவும் இல்ல, அதுதான் எனக்கு உறைச்சது. நிஜ நாயா இருந்தா கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கும். மத்தியானப் புள்ளி கதை இன்னும் மோசம், மாச முடிவுல பத்தொன்பது சிவப்பு.

"பிள்ளைக்குப் பொறுப்பு வரும்"னு சொல்லி நாய் வாங்குறவங்களைப் பாத்தா எனக்குக் கோவமே வரும், மன்னிச்சுக்கோங்க. லேப்ரடார் பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும், நம்ம தெருநாய் இனம் நல்லாப் பாத்துக்கிட்டா அதுக்கு மேலயும். ஆறாங்கிளாஸ் பிள்ளை பத்தாங்கிளாஸ் போயிரும், டியூஷன், ஹாஸ்டல், காலேஜ், அது வேற ஊருக்குப் போறப்போ நாய் கிழடாகி உங்க மடில இருக்கும். அப்ப அது யாரோட நாய்? வீட்டுல இருக்க பெரியவங்க யாராவது ஒருத்தர் "இது என் நாய், பிள்ளை தொட்டாலும் தொடாட்டாலும் நான் பாத்துக்குவேன்"னு சொல்லணும். எங்க வீட்டுல அந்த ஒருத்தர் இல்ல. நான் அந்த ஒருத்தி இல்லன்னு ஒத்துக்க எனக்கே கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு.

அப்புறம் யாருமே வெளிய பேசாத ஒரு விஷயம். பொட்டைக் குட்டி எடுத்தா ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள மொத ஹீட் வரும், ரெண்டு மூணு வாரம் இருக்கும், ரத்தம் சொட்டும், வாசல்ல தெருவுல உள்ள எல்லா ஆண் நாயும் வந்து படுத்திருக்கும். பல வீட்டுல இதுக்குப் பயந்துதான் பொட்டைக் குட்டியா பொறுக்கி எடுத்துட்டுப் போயி குப்பைத்தொட்டி ஓரம் விட்டுட்டு வர்றாங்க. கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டா முடிஞ்சது. அந்த ஆபரேஷனுக்கு காசும், அப்புறம் பத்து நாள் தையலை நக்காம பாத்துக்க ஒரு ஆளும் இருக்கான்னு யோசிச்சுட்டு எடுங்க.

ஊருக்குப் போறது இருக்கே, அது தனி. வருஷத்துக்கு நாலு தடவை பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஊருக்குப் போறோம். ரயில்ல நாயை நம்ம கூட வச்சுக்கணும்னா ஃபர்ஸ்ட் ஏசி கேபினை மொத்தமா நம்ம பேர்ல போடணும், இல்லைன்னா ரயில் கார்டு வர்ற பெட்டில இருக்க கூண்டுல ராத்திரி பூரா தனியா விடணும். பொங்கலுக்கு சாதா ஸ்லீப்பரே கெடைக்காம தட்கல்ல தலைகீழா நிக்கிற ஆளுங்க நாங்க. தோழி அதனாலயே மூணு வருஷமா பொங்கலுக்கு ஊருக்குப் போகல. தீபாவளிக்கு வீட்டை விட்டே நகர முடியாது, வெடிச் சத்தத்துக்கு அவ நாய் பாத்ரூம்ல ஷவருக்குக் கீழ போயி நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கும், கூட அவளும் உட்கார்ந்திருப்பா.

போன வருஷம் அந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்துச்சு. நாலு படி ஏறுனா உட்கார்ந்துரும், லேப்ரடார் சோத்தை வேணாம்னு திரும்பிக்கிட்டா ஏதோ பெரிய கோளாறுன்னு அர்த்தம். ராத்திரில ஈறுல ரத்தம். காலைல அவளோட வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். 1903ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் காலேஜோட ஆஸ்பத்திரி அது. அந்த வரிசையை வாழ்க்கைல ஒரு தடவையாவது பாத்துருங்க, நாய் வாங்கணும்னு நெனைக்கிறவங்க கண்டிப்பா பாருங்க. ஆட்டோக்காரர் ஒருத்தர் சாக்குல சுத்தி ஒரு தெருநாயைத் தூக்கிட்டு வந்திருந்தார், சட்டை பூரா ரத்தம், அவர் நாய் கூட இல்ல, ரோட்டுல அடிபட்டுக் கெடந்ததாம். ஒரு பாட்டி பூனையை கட்டைப் பைல வச்சு தலையை மட்டும் வெளிய விட்டிருந்தாங்க. தோழி நாய்க்கு பிளேட்லெட் இறங்கிருச்சு, 28 நாள் மாத்திரைன்னாங்க. அந்த 28 நாளும் மாத்திரையை இட்லிக்குள்ள ஒளிச்சு, அது இட்லியைத் தின்னுட்டு மாத்திரையைத் துப்ப, இவ வாயைத் திறந்து தொண்டைல போட்டு மூக்கைத் தடவி முழுங்க வச்சு... ஆபீஸ்ல லீவு தீந்து சம்பளத்துல பிடிச்சாங்க. ஒரு நாள் கூட அவ அதை கஷ்டம்னு சொன்னதில்ல. அன்னிக்குத்தான் எனக்குத் தெளிவாச்சு, அவ ரெடி, நான் இல்ல.

வாங்கியே தீரணும்னு முடிவு பண்ணவங்களுக்கு ரெண்டு விஷயம் மட்டும். எட்டு வாரம் முடியாத குட்டியை விக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு, "45 நாள் குட்டி, எடுத்துக்கோங்க"ன்னு தூக்கிக் குடுக்குற ஆள்கிட்ட வாங்காதீங்க, பார்வோங்கிற வைரஸ் வந்து ரத்தபேதில நாலே நாள்ல போன குட்டிங்களை எங்க காலனிலயே பாத்தாச்சு. சென்னைல இருக்கவங்க மாநகராட்சி லைசென்ஸ் எடுத்துருங்க, கட்டணம் 50 ரூபாய்தான், வெறிநாய்க்கடி ஊசி போட்ட சர்டிபிகேட்டும் தோலுக்கு அடில வைக்கிற அடையாள மைக்ரோசிப்பும் வேணும், இல்லாம மாட்டுனா அபராதம் 5000. அப்புறம் ஹஸ்கியை மட்டும் இந்த வெயிலுக்குக் கொண்டு வராதீங்கப்பா, பனில வண்டி இழுக்குற ஜீவன் அது, ரெண்டு அடுக்கு முடியோட மே மாசம் மேடவாக்கத்துல மூச்சு வாங்குறதைப் பாக்க சகிக்கல.

"நாய் முடியலன்னா கிளியாவது வாங்கிக் குடேன்"னு சித்தி சொன்னாங்க. பச்சைக்கிளி காட்டுப் பறவை, கூண்டுல வைக்கிறது 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம். ஊர்ல பாதி வீட்டுத் திண்ணைல தொங்குதேன்னு கேப்பாங்க, தொங்குறதால சரியாயிருமா. மக மீனுக்கும் ஆசைப்பட்டா, மீன் கடைங்க இருக்க கொளத்தூருக்கு கூட்டிட்டுப் போனேன், கடைக்காரத் தம்பி நல்லவர், "அக்கா தொட்டியை மட்டும் இன்னிக்கு எடுத்துட்டுப் போங்க, தண்ணியை ஓட விட்டு செட் ஆகட்டும், மூணு நாலு வாரம் கழிச்சு மீனுக்கு வாங்க"ன்னார். வியாபாரத்தை விட்டுட்டு அப்படி சொல்ற ஆளை நான் அதுவரைக்கும் பாத்ததில்ல. மகளுக்கு முகம் தொங்கிருச்சு, வண்டில வர்றப்போ "எல்லாத்துக்கும் வெயிட் பண்ணணுமா"ன்னு கேட்டா.

உண்டியல்ல அஞ்சாயிரம் அப்படியே இருக்கு, அதுக்கப்புறமும் மாசாமாசம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், எதுக்குன்னு யாரும் சொல்லிக்கல. வர்ற மே மாசம் தோழி நாலு வருஷம் கழிச்சு கோயம்புத்தூருக்கு அவ அம்மா வீட்டுக்குப் போறா, எட்டு நாள் அவ லேப்ரடார் எங்க வீட்டுல. நான் அஞ்சு நாள் லீவு எழுதிக் குடுத்துட்டேன், மீதி வேலை நாள் அவர் பாத்துக்குறார். மகள் நேத்தே சமையக்கட்டு ஜன்னல்ல பேப்பர் ஒட்டிட்டா, திராட்சை கூடாது, சாக்லேட் கூடாது, வெங்காயம் கூடாது, காலைல அஞ்சரைன்னு. அஞ்சரைக்குப் பக்கத்துல என் பேரை எழுதி வச்சிருக்கா.