எப்ப வெட்டுவான்?

மாமா: மருமகன், நீ போனில ஏத்தித் தந்த கேக்கிற புத்தகத்தை அழிச்சுவிடு மனே.

மருமகன்: ஏன் மாமா? இங்கிலீசு படிப்பிச்ச ஆள், விளங்கல்லையா?

மாமா: விளங்கிறதாலதான் பயம். ஒவ்வொரு அத்தியாயம் தொடங்கக்குள்ளயும் "இது லிப்ரிவாக்ஸ் ஒலிப்பதிவு" எண்டு ஒருத்தன் அறிவிக்கிறான். பின்னுக்கு வழக்குப் போடுறவன்தான் முன்னுக்கு இப்படிச் சொல்லுவான்.

மருமகன்: லிப்ரிவாக்ஸ் எண்டுறது பழைய புத்தகங்களை வாசிச்சு இலவசமாப் போடுற இணையத்தளம். உரிமை ஆருக்கும் இல்ல, பொதுச்சொத்து எண்டுதான் சொல்றான். கில்பர்ட் வைட் எண்ட இங்கிலாந்துப் பாதிரியார், தன்ட ஊர் செல்போர்ன்ட இயற்கையைப் பத்தி எழுதின கடிதங்களைப் புத்தகமாப் போட்டது 1789ல. அவர் வந்து காசு கேக்கமாட்டார்.

மாமா: வாசிச்சவன் கேப்பானே! முதல் ஒரு பொம்பிள, மறுகா ஒரு மூக்கடைச்ச ஆம்பிள.

மருமகன்: தொண்டர்கள் பங்குபோட்டு வாசிச்ச பதிவு அது. ஒரே குரல் வேணுமெண்டா, வாசிச்சவர் எண்டு ஒரு பேர் மட்டும் போட்டிருக்கிற பதிவாப் பாத்து எடுக்கலாம்.

மாமா: சும்மாவா வாசிக்கிறான்? போன் காசில எப்ப வெட்டுவான்?

மருமகன்: 2005ல தொடங்கினது. இன்னும் வெட்டல்ல.

மாமா: டேட்டா தின்னுமே.

மருமகன்: 64 கேபிபிஎஸ் ஒலித்தரத்தில மணித்தியாலத்துக்கு 29 எம்பி. 128 எடுத்தா இரட்டி. பேச்சுக்கு 64 போதும். சிப் ஃபைலா மொத்தமா இறக்கினா நடுவில அறுந்திரும். அத்தியாயம் அத்தியாயமா இறக்குங்க.

மாமா: புத்தகத்தில வாற அந்த ஆமை சித்திரையில மண்ணுக்குள்ளால வெளிய வருது. கார்த்திகையில உள்ளுக்குப் போனதை மறுகாதான் சொல்றான்.

மருமகன்: ஷஃபிள் போட்டிருக்கிறீங்க, வரிசை மாறி ஓடுது. பாட்டுக் கேக்கிற பிளேயர்ல ஓடவிட்டா இதுதான் வேலை. நிப்பாட்டின இடத்தையும் மறந்திரும். ஒலிநூல் செயலி ஒண்டு போட்டு, போல்டரைக் காட்டி, ஃபைல் பேர்ப்படி அடுக்கச் சொல்லுங்க.

மாமா: அந்தச் செயலி எப்ப வெட்டும்?

மருமகன்: மாமா, உங்களுக்குக் கோல் எடுத்தா ஒரு குத்துப்பாட்டுக் கேக்குதே, ஆர் போட்டது?

மாமா: நான் போடல்ல. ஒரு மெசேஜ் வந்திச்சு. ஓமெண்டு அமத்தினன்.

மருமகன்: அதுக்குப் போன் கொம்பனிக்காரன் நாளாந்தம் மீதியில வெட்டுறான். அவனிட்ட ஒரு கேள்வி கேக்கல்ல. வெட்டுறவனுக்கு ஓம், வெட்டாதவனுக்கு விசாரணை!

மாமா: ...நம்மட ஊர்ப் புத்தகம் ஒண்டும் இல்லையா?

மருமகன்: வெள்ளைக்காரன்ட காலத்தில இலங்கையில அதிகாரியா இருந்த டெனன்ட் துரை 1861ல போட்ட இலங்கை இயற்கைப் புத்தகத்தில நம்மட மட்டக்களப்பு வாவியில பாடுற சத்தம் இருக்கு. இரவில வள்ளத்தில போய், பலகையில காதை வச்சுக் கேட்டா இன்னும் பெருசாக் கேட்டதாம். ஊரி எண்ட ஓட்டுப்பிராணிதான் பாடுது எண்டு மீன்பிடிகாரர் சொன்னதையும் எழுதியிருக்கிறார். அதை நீங்களே வாசிச்சுப் போடலாம். நீங்க பேப்பர் வாசிச்சா மூணு வளவுக்குக் கேக்குதே.

மாமா: நானா?

மருமகன்: முதல்ல லிப்ரிவாக்ஸுக்கு ஒரு நிமிசம் சோதனைப் பதிவு அனுப்பணும். பதிவு செட்டிங் 128 கேபிபிஎஸ், 44.1 கிலோஹேர்ட்ஸ், மோனோ, அதாவது ஒற்றைத் தடம். ஃபானை நிப்பாட்டுங்க. பாட்டுப் போட்டு வாற பாண்காரன்ட ஆட்டோ போறதுக்குள்ள முடிச்சிருங்க. கடைசியில 5 செக்கன் அமைதி விடணும்.

மாமா: எவ்வளவு தருவான்?

மருமகன்: மாமா!

மாமா: அந்த 5 செக்கனையும் சேத்துத்தான் கேக்கிறன்.