திரைக்கு வராத கிண்ணம்

அறிவியல் புனைகதையைப் படமாக்குவது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் பட்ஜெட்டைத்தான் முதலில் இழுக்கிறார்கள். விண்கலம் வேண்டும், கிராஃபிக்ஸ் வேண்டும், கோடி கோடியாகப் பணம் வேண்டும் என்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு டீக்கடையில் நின்றபோதும் இதே பேச்சுதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பணத்தைக் கொட்டினால் 'டியூன்' கதையில் வரும் ராட்சத மணல்புழுவைக் காட்டிவிடலாம். ஒரு வினைச்சொல்லுக்குள் இருக்கும் காலத்தை எப்படிக் காட்டுவது?

டெட் சியாங் 1998-இல் எழுதிய 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' என்ற குறுநாவலை நினைத்துக்கொண்டுதான் இதைக் கேட்கிறேன். டெனி வில்நெவ் இயக்கி 2016-இல் வந்த 'அரைவல்' அதிலிருந்து எடுத்த படம். இரண்டையும் எத்தனை முறை திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன், படித்தேன் என்று கணக்கில்லை.

கதை தெரியாதவர்களுக்கு: லூயிஸ் பேங்க்ஸ் ஒரு மொழியியல் அறிஞர். ஏழு கால்கள் கொண்ட வேற்றுலக உயிர்கள் வருகின்றன. அவற்றின் எழுத்தைக் கற்கக் கற்க, லூயிஸின் மனம் காலத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. வரப்போவதெல்லாம் நடந்து முடிந்தது போல அவள் நினைவில் இருக்கிறது. இன்னும் கருவிலேயே உருவாகாத மகளிடம் 'நீ', 'நீ' என்று அவள் பேசுவதுதான் மொத்தக் கதையும். அந்த மகள் 25 வயதில் மலையேறும்போது விழுந்து இறந்துபோவாள். இது கடைசியில் போட்டு உடைக்கிற ரகசியம் இல்லை. ஆரம்பப் பக்கங்களிலேயே சொல்லிவிடுகிறாள். 'நாம் இருவரும் பேசப்போகும் ஒரு பேச்சு எனக்கு நினைவிருக்கிறது' என்கிற மாதிரி வாக்கியங்களில் கதை நகர்கிறது. ஆங்கிலத்தில் படிக்கும்போது அந்த வாக்கியங்கள் இடறும். இலக்கணம் எங்கேயோ முறிந்த மாதிரி இருக்கும். அந்த இடறலில்தான் கதை இருக்கிறது.

ஒரு நாள் அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதெப்படி நடக்கப்போறது ஞாபகத்துல இருக்கும் என்று கேட்டுவிட்டு, பேச்சுவாக்கில் தாத்தாவைப் பற்றி ஆரம்பித்தார்கள். "சாயங்காலமானா உங்க தாத்தா திண்ணையில வந்து உக்காருவார். ஒரு செம்புத் தண்ணி கேப்பார். தெருவுல போறவங்க வர்றவங்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவார்." தாத்தா போய் இருபது வருடம் ஆகிறது. உட்காருவார், கேட்பார், கூப்பிடுவார். மூன்றுமே எதிர்கால வினை. செத்துப்போனவரை நாம் எதிர்காலத்தில் வைத்துத்தான் நினைத்துக்கொள்கிறோம். ஒரு நாள் நடந்ததென்றால் 'உட்கார்ந்தார்'. வழக்கமாக நடந்ததென்றால் 'உட்காருவார்'. சியாங் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிச் செய்ததை அம்மா யோசிக்காமலே செய்துவிட்டார்கள். 'நீ சிரிப்பாய்' என்று தமிழில் எழுதினால் அது சிரிக்கப்போகிற குழந்தையா, சிரித்துக்கொண்டே இருந்த குழந்தையா என்று அந்த ஒரு சொல்லை வைத்துச் சொல்லவே முடியாது. இந்தக் கதை தமிழில் இவ்வளவு இயல்பாக உட்காரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, இப்போது கேமராவுக்கு வருவோம். ஒரு குழந்தை புல்வெளியில் ஓடுவதைப் படம் பிடித்தால் அது ஓடியதா, ஓடுமா? திரையில் அது ஓடுகிறது, அவ்வளவுதான். திரையில் எல்லாமே நிகழ்காலம்.

பின்னணிக் குரலில் சொல்லிவிடலாமே என்பார்கள். டேவிட் லின்ச் 1984-இல் எடுத்த 'டியூன்' படத்தில் அதைத்தான் செய்தார்கள். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் நாவலில் ஒரே அறையில் நாலு பேர் இருந்தால் நாலு பேர் மனசுக்குள்ளும் மாறி மாறிப் போய்வருவார். படத்தில் அந்த எண்ணங்களைக் கிசுகிசுப்பாகப் பேசவிட்டார்கள். நடிகர் முகத்தை அசைக்காமல் காத்திருக்கிறார், குரல் வந்து போகிறது, காட்சி அங்கேயே நின்றுவிடுகிறது. அதே வில்நெவ் 2021-இல் அந்த நாவலை எடுத்தபோது கிசுகிசுப்பைத் தூக்கிவிட்டு, தாய்க்கும் மகனுக்கும் இடையே கைச்சைகைகளை வைத்தார். நல்ல யோசனை. ஆனால் நாவலின் விருந்துக் காட்சி இரண்டு படங்களிலும் இல்லை. ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஒருவரையொருவர் எடைபோடும் காட்சி அது. புழு வேண்டாம், விண்கலம் வேண்டாம். மேஜை, தட்டு, பத்துப் பதினைந்து நடிகர்கள் போதும். நாவலிலேயே மிக மலிவாக எடுக்கக்கூடிய அந்தக் காட்சிதான் போயிற்று, ஏனென்றால் அது முழுக்க மனசுக்குள் நடக்கிறது. பட்ஜெட்தான் பிரச்சினை என்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்.

'அரைவல்' இதற்குக் கண்ட வழியை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. திரைக்கதை எழுதியவர் எரிக் ஹைஸ்ஸரர். படத்துக்கு வினைச்சொல் இல்லைதான், ஆனால் படம் பார்க்கும் நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. சோகமான ஒரு பெண்ணைக் காட்டி நடுநடுவே ஒரு குழந்தையைக் காட்டினால், அது பழைய நினைவு என்று நாமே முடிவுகட்டிவிடுவோம். யாரும் சொல்லித்தர வேண்டாம். படம் அந்தப் பழக்கத்தையே பிடித்துக்கொண்டது. மகள் பிறந்து வளர்ந்து சாவதை முதல் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. நாமும் லூயிஸாக நடிக்கும் எமி ஆடம்ஸின் முகத்தைப் பார்த்து, பாவம், பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று நினைத்துக்கொண்டே போகிறோம். அது இனிமேல்தான் நடக்கப்போகிறது என்று தெரியும்போது, லூயிஸின் தலைக்குள் நடந்தது நம் தலைக்குள்ளும் நடந்துவிடுகிறது. வாக்கியத்தில் இருந்ததைக் காட்சிகளை வெட்டி ஒட்டும் முறைக்கு மாற்றிவிட்டார்கள். மூலத்துக்கு இதைவிட உண்மையாக இருக்க முடியாது என்றுதான் சொல்வேன்.

அந்த எழுத்து விஷயத்திலும் அப்படித்தான். கதையில், முதல் கோட்டை இழுக்கும் முன்பே முழு வாக்கியமும் எப்படி முடியும் என்று அந்த வேற்றுலக உயிர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சியாங் விளக்குகிறார். படத்தில் அது மை தெறித்தது போன்ற ஒரு வட்டம். தொடக்கம் எது, முடிவு எது என்று காட்ட முடியாத வட்டம். ஒரு பக்க விளக்கத்தைக் கண் ஒரு நொடியில் வாங்கிக்கொள்கிறது. கதையில் பெயரே இல்லாத மகளுக்கு ஹன்னா என்று பெயர் வைத்ததும் அந்த வகைதான். ஆங்கிலத்தில் எழுதினால் எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் அதே பெயர்.

இவ்வளவு பிடித்த படத்தின் மேல் எனக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. மகளின் சாவை மாற்றிவிட்டார்கள். படத்தில் அவள் பதின்வயதில் தீராத நோயில் போகிறாள். நோயை அம்மாவால் தடுக்க முடியாது. அதனால் கேள்வி, தெரிந்தே பெற்றுக்கொள்வாளா என்பதாகச் சுருங்கிவிடுகிறது. கண்ணீர் வரவழைக்கும் கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் கதையில் அவள் மலையேறப் போய் விழுகிறாள். 'இன்றைக்குப் போகாதே கண்ணு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை அம்மா ஏன் சொல்லவில்லை? படித்து முடித்து எத்தனையோ நாள் இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

அதற்குக் கதை தரும் விடை இயற்பியலில் இருக்கிறது. ஒளி காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும்போது வளைகிறது. வேகம் மாறுவதால் திசை மாறுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதையே 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் வேறு மாதிரி சொன்னார்: ஒளி மிகக் குறைந்த நேரத்தில் போய்ச்சேரும் பாதையில் போகிறது. அப்படியானால் எங்கே போய்ச்சேரப் போகிறோம் என்று கிளம்பும்போதே அதற்குத் தெரிந்திருக்க வேண்டுமே! கணக்கு ஒன்றுதான், பார்வை இரண்டு. மனிதர்கள் முதல் பார்வையில் வாழ்கிறார்கள், அந்த ஏழுகாலிகள் இரண்டாவதில் வாழ்கின்றன. இதற்குச் சியாங் கோட்டுப் படமே போட்டிருக்கிறார். படத்தில் இதற்கு இடமில்லை. அந்த இடத்தில் உலகப் போர் அபாயமும் சீனத் தளபதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் வந்து உட்கார்ந்துகொண்டன. கதையில் போரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வந்தவை ஒரு நாள் காரணம் சொல்லாமல் போய்விடுகின்றன. சுமார் 4.7 கோடி டாலர் போட்டு எடுக்கும் படத்தை அப்படி முடிக்க எந்தத் தயாரிப்பாளரும் ஒப்புக்கொள்ளமாட்டார் என்பது புரிகிறது. புரிந்தாலும் மனசு ஆறவில்லை.

எந்தத் தழுவலிலும் முதலில் வெளியே போவது அறிவியல்தான். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' படம் எனக்கு உயிர். ஆனாலும் மூல நாவலை எழுதிய லெம் அந்தப் படத்தின் மேல் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. சோலாரிஸ் என்ற கிரகத்தை மூடியிருக்கும் உயிருள்ள கடல் என்னவென்று தலைமுறை தலைமுறையாக விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்டு தோற்ற வரலாற்றை நாவலில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். அந்தத் தோல்விதான் நாவல். படத்தில் வீடும் மழையும் அப்பாவும்தான் மனசில் நிற்கிறார்கள்.

சியாங்கின் கதையில் ஒரு சாலட் கிண்ணம் வரும். மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அது அவள் மேல் விழுந்து நெற்றியில் ஒரு தையல் போட வேண்டியிருக்கும். லூயிஸ் அதை நமக்கு முன்பே சொல்லியிருப்பாள். பிறகு ஒரு நாள், மகள் பிறப்பதற்கு வெகு முன்னால், கடையில் அதே கிண்ணத்தைப் பார்க்கிறாள். வாங்காமல் வந்துவிடலாம். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பிள்ளை மேல் விழப்போகிற கிண்ணத்தைப் பிடிக்கப் பாய்கிற கை எப்படி யோசிக்காமல் பாயுமோ, அதே மாதிரி அவள் கை அலமாரிக்கு நீள்கிறது. அம்மா ஏன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை என்பதற்கான பதில் அந்தக் கையில் இருக்கிறது.

இதைப் படமாக எடுப்பது எப்படி என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு பெண் கடையில் நிற்கிறாள். அலமாரியில் ஒரு கிண்ணம். கையை நீட்டி எடுக்கிறாள். பத்து விநாடி. செலவென்று சொல்ல ஒன்றுமில்லை. தியேட்டரில் இருக்கும் யாருக்கும் அது கிண்ணம் வாங்கும் பெண்ணாகத்தான் தெரியும்.