ஓடறதுக்கு ரிசர்வ் ஃபாரஸ்ட் எதுக்குங்க, இட்டேரி இருக்கு

போன வாரம் எங்க ரன்னிங் வாட்ஸப் குரூப்புல ஒரு தம்பி, ஞாயித்துக்கிழமை லாங் ரன்னுக்கு நல்ல ஃபாரஸ்ட் டிரெயில் ஒன்னு சொல்லுங்கண்ணா, தார் ரோட்டுல ஓடி ஓடி சலிச்சுப் போச்சுன்னு கேட்டிருந்தாரு. உடனே நாலு பேரு கோயமுத்தூர் மலையடிவாரத்துல தடாகம் பக்கம், நரசீபுரம் பக்கம்னு, ஓடற ரூட்டைப் பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப்ல இருந்து லிங்க்கா போட ஆரம்பிச்சுட்டாங்க. அதுல ரெண்டு ரூட்டு நேரா ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள போகுது. அங்கயே பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், நீளமாயிட்டே போச்சு, அதனால இங்க எழுதறேன்.

நானும் அப்படிப் போனவன்தான். நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு மார்கழி, காலைல அஞ்சரை இருக்கும், மலை அடிவாரத்துல தோட்டத்தை ஒட்டிப் போற ஒரு மண் தடம். ஹெட் டார்ச் வெளிச்சத்துல வழி நடுவுல யானை லத்தி கெடக்குது, அதுல இருந்து ஆவி பறந்துட்டு இருக்கு. பக்கத்துலயே ஒரு தென்னங்கன்னு, குருத்தை உருவிப் போட்டு வெள்ளை வெள்ளையா நார் தொங்குது. ராத்திரி பூரா தோட்டத்துல மேஞ்சுட்டு விடியறதுக்குள்ள யானை காட்டுக்குத் திரும்பற நேரம் அது, நாம ஷூ மாட்டிட்டு கிளம்பற நேரமும் அதேதான், இதை அதுக்கு முன்னாடி நான் யோசிச்சதே இல்லை. காதுல இருந்த இயர்போனைக் கழட்டிட்டு, மூச்சு விடற சத்தம் கூடக் கேக்காம ரெண்டு கிலோமீட்டர் நடந்தே திரும்பி வந்தேன். எனக்கு ஒன்னும் ஆகலை. ஆகியிருந்தா என்ன நடந்திருக்கும்? நான் அங்க எதுக்குப் போனேன்னு ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க, அந்த யானையைப் புடிச்சுட்டுப் போங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க. அதை நெனச்சாத்தான் இப்பவும் மனசு கெடந்து அடிச்சுக்குது.

2018 மார்ச் 11 குரங்கணியை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. மலையேறப் போனவங்க காஞ்ச புல்லுச் சரிவுல தீயில மாட்டி இருபது பேருக்கு மேல போய்ட்டாங்க, எல்லாம் நம்ம வயசுப் புள்ளைங்க. அனுமதி, வழிகாட்டி, சீசன் இதெல்லாம் சும்மா பேப்பர் வேலை இல்லைங்க. காடு பாக்கணும்னு ஆசையா இருந்தா 2024ல வனத்துறை ஆரம்பிச்ச டிரெக் தமிழ்நாடு இருக்கு, 40 வழித்தடம், ஆன்லைன்ல புக் பண்ணிட்டு அந்தந்த மலை மக்களே வழிகாட்டியா கூட வர நிதானமா நடந்து பாத்துட்டு வரலாம். வாட்ச்சுல வேகம் பாத்து ஓடற எடம் அது இல்லை.

சரி, அப்ப எங்கதான் ஓடறது?

எங்க கொங்குப் பக்கம் காடுன்னாலே வேற அர்த்தம். கெணத்துப் பாசனம் இருந்தா தோட்டம், மழைய நம்பி இருந்தா காடு. காட்டுக்குப் போறேன்னா சோளம் வெதைச்ச நெலத்துக்குப் போறேன்னு அர்த்தம். இந்தக் காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவுல, ரெண்டு பக்கமும் உயிர்வேலி வெச்சு, ஒரு மாட்டுவண்டி போற அகலத்துக்கு ஒரு தடம் போகும் பாருங்க, அதான் இட்டேரி. பொங்கலூர், குண்டடம், காங்கயம் சுத்துவட்டாரத்துல பொறந்தவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

ஒரு தடவை அதுல ஓடிப் பாருங்க. விடியக்காலைல முதல் ஆளா நுழைஞ்சா மூஞ்சியில சிலந்தி வலை ஒட்டும், பனித்தண்ணியோட, அதை ஒரு கையால வழிச்சுட்டே ஓடணும். ரெண்டு பக்கமும் கிளுவை, நடுநடுவுல வெள்வேலா மரம், அதும்மேல பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறிக் கெடக்கும். கால் சத்தம் கேட்டா கவுதாரி நாலஞ்சு ஒன்னா வேலிக்கு அடியில ஓடும், கீரி குறுக்க போகும், செம்போத்து எங்கயோ உள்ள இருந்து கத்தும். மண்ணு மெத்துனு இருக்கறதால என் முட்டி வலி பாதி கொறைஞ்சதே இங்க வந்த பொறகுதான். ஒரே ஒரு விசயம், வேலா முள்ளு. மெல்லிசு சோல் ஷூன்னா நேரா உள்ளங்காலுக்கு வந்துரும், சோல் தடியா இருக்கற ஷூ போட்டுட்டு வாங்க. ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து மேக்காத்து ஆளையே தள்ளும், பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கா கரையில எதுத்து ஓடவே முடியாது, அப்பக்கூட இட்டேரிக்குள்ள வேலி மறைப்புல ஓடிரலாம். போறப்ப மேக்க போங்க, வர்றப்ப காத்து முதுகுல இருக்கும்.

இதெல்லாம் எனக்கு மேப்புல கெடைச்ச ரூட் இல்லை. ஆடு ஓட்டிட்டு வந்த ஒரு ஆத்தாதான் சொல்லுச்சு. "ஏங்கண்ணு, அந்தத் தடத்துல போவாதே, பள்ளத்தத் தாண்டுனா கம்பிவேலி போட்டு அடச்சுப்போட்டாங்க. இந்த இட்டேரில போயி கருப்பராயங் கோயல்கிட்ட தெக்கால திரும்பீரு"ன்னுச்சு. அந்த ஆத்தா சொன்ன வழிதான் இன்னைக்கு என்னோட 14 கிலோமீட்டர் ரூட்டு. படல் சாத்தியிருந்தா தொறந்து போயிட்டு மறுபடி சாத்தணும், வெதைச்ச காட்டுக்குள்ள குறுக்க மிதிக்கக் கூடாது, நாயிருந்தா ஓடாம நடக்கணும், இதெல்லாம் கூட அங்க இருக்கறவங்க சொல்லிக் குடுத்ததுதான்.

இப்ப அந்த 14ல 3 கிலோமீட்டர் இல்லை. போன ஆடி கழிஞ்சு ஒரு நாள் போறேன், ரெண்டு பக்க வேலியையும் பொக்லைன் வெச்சு வேரோட தோண்டிப் போட்டு சைட்டு பிரிச்சு கல்லு நட்டிருக்காங்க. கிளுவை போத்து ஒரு ஆள் உயரத்துக்குக் குமிஞ்சு கெடக்குது, அதுல ஒரு பக்கம் துளுத்தே இருந்துச்சு. எத்தனை தலைமுறை வெச்ச வேலியோ, ஒரு மத்தியானத்துல முடிச்சுட்டாங்க. வேலி போனா கவுதாரி, கீரி, சாரைப்பாம்பு எல்லாம் போச்சு, அப்புறம் எலி தொல்லை தாங்கலைன்னு வெவசாயிதான் மருந்து வாங்கி வெக்கணும். இங்கிலாந்துல 1997லயே ஒரு விதி கொண்டு வந்துட்டாங்க, கிராமத்து உயிர்வேலிய எடுக்கணும்னா முன்கூட்டியே கவுன்சிலுக்கு எழுதிக் குடுத்தாகணும். இட்டேரிக்கு அப்படி ஒரு காவல் வேணும்னு நான் கேக்கறதுல என்ன தப்பு?

நெறைய இட்டேரி ரெவின்யூ ரெக்கார்டுல வண்டிப்பாதை புறம்போக்குன்னு இருக்கும், அது யாரோட சொந்த நெலமும் இல்லை. சிலது பட்டாவுக்குள்ள வழக்கத்துல இருக்கற தடம், அது பேசித்தான் ஆகணும். எது எதுன்னு தெரியறதுக்கு கிராம வரைபடமும் எஃப்எம்பி ஸ்கெட்ச்சும் (ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் இருக்கற நில அளவை வரைபடம்) எடுத்துப் பாருங்க. நாம ஓடறவங்க கைல ஜிபிஎஸ் வாட்ச் இருக்கு, எந்தத் தடம் எங்க இருந்து எங்க போகுது, எங்க அடைச்சிருக்காங்கன்னு நம்மளவிட சுத்தமா யாரு பதிவு பண்ண முடியும்? ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள போன ரூட்டை ஸ்ட்ராவால போட்டு அடுத்த வாரம் பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போறதுக்குப் பதிலா இந்த வேலைய செய்யலாம்.

நான் எங்க ஊர் இட்டேரி ஏழும் ஓடி அளந்து வெச்சிருக்கேன். வர்ற நவம்பர் 1 கிராம சபையில ஸ்கெட்ச்சோட மனு குடுக்கப் போறேன். அந்த 3 கிலோமீட்டர் எந்த சர்வே நம்பர்ல வருதுன்னு இன்னும் ஒரு எடத்துல குழப்பமா இருக்கு, எஃப்எம்பி படிக்கத் தெரிஞ்சவங்க இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க. அந்தத் தம்பிக்கு, ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணி, கருப்பராயன் கோயில், தண்ணி பாட்டில் கொண்டாங்க.