ஆற்றுக்கு மூச்சு கொடுப்பது புளோயர்தான்

ஆற்றைக் காப்பாற்ற வேண்டும் என்றதும் கரையில் குப்பை பொறுக்கவும் மரக்கன்று நடவும் ஆள் திரள்கிறது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சிறு நகரத்தை ஒட்டி ஓடும் ஆற்றின் தலையெழுத்தைப் பெரிதும் தீர்மானிப்பது, மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடந்துபோகும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்.

சாக்கடை நீரில் 99.9 சதவீதம் வெறும் தண்ணீர். மிச்சம் இருப்பதுதான் வில்லங்கம். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 9 மில்லிகிராம். ஒரு லிட்டர் சாக்கடை நீரில் உள்ள கழிவைத் தின்னும் பாக்டீரியாக்களோ 5 நாளில் 200 மில்லிகிராம் வரை கேட்கும். இந்தத் தேவையைத்தான் பி.ஓ.டி. என்கிறார்கள். ஆற்றில் நேராகக் கொட்டினால் மீனுக்கு மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

கழிவுநீர் பற்றி ஆராய பிரிட்டன் அமைத்த ராயல் கமிஷன் 1912இலேயே ஒரு வரம்பு வகுத்தது: வெளியேறும் நீரில் லிட்டருக்கு பி.ஓ.டி. 20 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராம். அதுவும் ஆற்றில் 8 மடங்கு நல்ல நீர் கலந்தால்தான். வறண்ட மாதங்களில் பல சிற்றாறுகளில் ஓடுவதே நிலையத்திலிருந்து வரும் நீர்தான், கலக்க எங்கே போவது? சின்ன ஆற்றங்கரை ஊருக்குத்தான் பெரிய நகரத்தைவிடக் கறாரான சுத்திகரிப்பு வேண்டும் என்பேன்.

ஆறு பல கிலோமீட்டர் ஓடிச் செய்யும் வேலையை நிலையம் சில மணி நேரத்தில் முடிக்கிறது. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் இதற்கு வழி காட்டினார்கள். காற்றூட்டிய பிறகு அடியில் படியும் சகதியைக் கொட்டிவிடாமல், அதன்மேலேயே புதுக் கழிவுநீரை விட்டார்கள். சகதி முழுக்க பசியோடிருக்கும் நுண்ணுயிர்கள். வாரக்கணக்கில் இழுத்த வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது.

நல்ல நிலையத்தில் காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு கண்ணாடி உருளையில் வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் பழுப்புச் சகதி கீழே இறங்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். நாற்றம் இருக்காது, மண்வாசனைதான். அதே சகதி கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போகவில்லை என்று அர்த்தம்.

என் கோபம் இங்கேதான். நிலையத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியைக் தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயர் இயந்திரமே தின்றுவிடும். அதனால் சிக்கனம் என்றதும் முதலில் கை வைப்பது அதில்தான். ராத்திரி யார் பார்க்கப் போகிறார்கள் என்று நிறுத்திவிடுவார்கள். மாடு வளர்ப்பவர் செலவைக் குறைக்கத் தீவனத்தை நிறுத்துவாரா? கழிவிலுள்ள அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை. ஒருமுறை அழிந்தால் திரும்ப வாரக்கணக்காகும். அதுவரை அமோனியா ஆற்றுக்குத்தான் போகும், அது மீனுக்கு நேரடி விஷம்.

சின்ன நிலையம் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். ஏதோ ஒரு பட்டறை அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றினாலே தொட்டியிலுள்ள நுண்ணுயிர் மொத்தமும் செத்துவிடும். மழைநீர் வடிகாலைச் சாக்கடையில் இணைத்துவிட்டால், ஒரு பெருமழையில் சகதியே அடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கும். அப்புறம் எல்லாம் முதலிலிருந்து.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடிப்பவர் அங்கே ஷிப்ட் பார்க்கும் ஆபரேட்டர். திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணம் அவர் சம்பளத்துக்கும் ஒரு மாற்று புளோயருக்கும் ஏன் கிடைப்பதில்லை? அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் இந்த இரண்டையும் கேளுங்கள். கூடவே ஒரு மாத மின்மீட்டர் பதிவையும் கேளுங்கள், ராத்திரியில் புளோயர் ஓடியதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.