சோற்றைக் குறையுங்கள் என்பதோடு முடிகிற அறிவுரை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றாநோய்ப் பிரிவின் செவிலியராக இருக்கிறேன். சென்ற மாதம் கூலி வேலைக்குப் போகும் ஓர் அம்மா, சர்க்கரை கூடியிருப்பது தெரிந்ததும், "சோத்தையே விட்டுட்டு மூணு வேளையும் கேப்பக்கூழுதான் குடிக்கிறேன் சிஸ்டர், அப்புறமும் ஏன் ஏறுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மருத்துவரும் மாத்திரையைக் கூட்டி எழுதினாரே தவிர, கூழைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அன்றிரவு எடுத்துப் படித்தேன். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து என்றால், கேழ்வரகிலும் 67 கிராம் இருக்கிறது. நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் அது சீக்கிரமே செரித்து இரத்தத்தில் சேரும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நல்ல தானியம்தான், ஆனால் அளவு வேண்டும். மறுமுறை வரும்போது, குடிக்கும் பாத்திரத்தையே எடுத்து வரச் சொன்னேன். ஒரு டம்ளர் என்று நான் நினைத்திருந்தது முக்கால் லிட்டர் பிடிக்கும் செம்பு.

செவிலியர் படிப்பின் முதலாண்டில் ஊட்டச்சத்து எங்களுக்கும் பாடம்தான். எந்த வைட்டமின் குறைந்தால் என்ன நோய் என்று மனப்பாடம் செய்தோம். எதிரில் இருப்பவரின் சாப்பாட்டைக் கேட்டறிந்து, எதை எத்தனை கரண்டி குறைக்கலாம் என்று பேசிப் பழகவில்லை. அந்தத் தயக்கத்தில்தான் "சோற்றைக் குறைங்க, சப்பாத்தி சாப்பிடுங்க" என்று முடித்துக்கொள்கிறோம். யூடியூபில் பேசுகிறவருக்கு அந்தத் தயக்கம் இல்லாததால், மக்கள் அவரை நம்புகிறார்கள்.

1918-இல் குன்னூரில் ஒற்றை அறை ஆய்வகமாகத் தொடங்கி, இன்று ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024-இல் புதிய உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2000 கலோரி உணவுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம் என்கிறது அது. ரேஷன் அரிசி இலவசமாகவும் காய்கறி காசு கொடுத்தும் வருகிற வீட்டில், நான்கு பேருக்குத் தினமும் ஒன்றரை கிலோவுக்கு மேல் காய்கறி வாங்கச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. வேலியோர முருங்கைக்கீரையையும், ரேஷனில் கிடைக்கும் துவரம்பருப்பையும் வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் எனக்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைச் சுவரொட்டியாகவோ அரைநாள் பவர்பாயிண்ட்டாகவோ தராமல், தட்டையும் கரண்டியையும் முன்னால் வைத்துத் தாருங்கள். சந்தேகம் வந்தால் போனில் கேட்க, வட்டாரத்துக்கு ஓர் உணவியல் நிபுணரையாவது நியமியுங்கள்.