பலூன் வேண்டாம் அண்ணா

என் பதிவுக்கு அண்ணன் ஒருவர் போட்ட கிண்டல் கமெண்டுக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "விடுங்க, அவர் எப்பவும் அப்படித்தான்" என்று இன்பாக்ஸில் வந்து சமாதானம் சொன்னவர்களுக்கு நன்றி. நானும் விட்டுவிட்டேன். ஆனால் நேற்று அதே கமெண்டை அவரே ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் பக்கத்தில் போட்டிருக்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் எனக்குத் தெரிந்த முகங்களும் இருக்கின்றன. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் எனக்கு உண்மையிலேயே பலூன்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

நான் எழுதியது என்ன? இன்சைட் அவுட் 2 என்ற கார்ட்டூன் படம் பார்த்தேன், தனியாகத்தான் போனேன், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தேன். அவ்வளவுதான். அதில் கொள்கை இல்லை, கோட்பாடு இல்லை, யாரையும் தியேட்டருக்குக் கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. அதற்கு வந்த பதில்: "தங்கச்சிக்கு யாராவது ஒரு பலூன் வாங்கிக் கொடுங்கப்பா."

நகைச்சுவையாம். சரி, நகைச்சுவையைப் பற்றியே பேசுவோம்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ரைலி என்ற பெண்ணின் மண்டைக்குள் இருக்கும் உணர்ச்சிகள்தான் இந்தக் கதையின் ஆட்கள். 2015-இல் வந்த முதல் பாகத்தில் மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு என்று ஐந்து பேர். 2024-இல் வந்திருக்கும் இரண்டாம் பாகத்தில் ரைலிக்குப் பதின்மூன்று வயது ஆகிவிட்டது. பதட்டம், பொறாமை, சங்கடம், சலிப்பு என்று புதிதாக நான்கு பேர் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகிறார்கள். இவர்களுக்கு நடுவே ஒரு குள்ளமான பாட்டியும் உண்டு. மூக்குக் கண்ணாடி போட்டிருப்பார். பழைய நாட்களை நினைத்து ஏங்கும் உணர்ச்சி அவர். கதவு திறக்கும், பாட்டி ஆசையாக வெளியே வருவார், "உங்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை" என்று மற்றவர்கள் அவரை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவுதான் ஜோக். என் வரிசையில் இருந்த பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார்கள்? ஏங்குவதற்கு அவர்களுக்கு இன்னும் ஒன்றும் கடந்து போகவில்லையே. நான் சிரித்தேன். பின் வரிசையில் யாரோ ஒரு பெரியவர் என்னைவிடச் சத்தமாகச் சிரித்தார். ஐம்பதை நெருங்கும் என் மண்டைக்குள் அந்தப் பாட்டி எப்போதோ வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரிமோட்டையும் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். அதனால் சிரித்தேன். இது குழந்தைகளுக்கான ஜோக்கா? சொல்லுங்கள் அண்ணா.

இன்னொன்று. ஓரிடத்தில் ரைலி சின்ன வயதில் பார்த்த டிவி நிகழ்ச்சியின் கார்ட்டூன் நாய் ஒன்று வரும். மற்ற எல்லாரும் கம்ப்யூட்டரில் செய்த கனமான உருவங்களாக இருக்க, இது மட்டும் கையால் வரைந்த தட்டைப் படமாக இருக்கும். ஆபத்தான நேரத்தில் அது நம் பக்கம் திரும்பி, மழலைக் குரலில் பார்வையாளர்களிடம் உதவி கேட்கும். பக்கத்தில் இருப்பவர்கள், இது யாரிடம் பேசுகிறது என்று விழிப்பார்கள். பிள்ளைகள் அந்த நாயைப் பார்த்த உடனே சிரித்துவிட்டார்கள். பெரியவர்களின் சிரிப்பு அரை நொடி கழித்து வந்தது. அந்த அரை நொடி எதற்கு என்று எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அப்படிப்பட்ட நிகழ்ச்சிகளின் பாட்டையும் கேள்வியையும் சமையலறையில் நின்று வருடக்கணக்கில் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். திரையில் இருக்கும் பொம்மை கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் அந்த மௌனம் இருக்கிறதே, அது எங்கள் காதுக்குள் இன்னும் இருக்கிறது. அண்ணன் அந்த வருடங்களில் உலக சினிமா பார்த்துக்கொண்டிருந்தார் போல.

திரும்பவும் சொல்கிறேன். படம் நன்றாக இருந்தது, சிரித்தேன். குழந்தையாக மாறிச் சிரிக்கவில்லை, குழந்தை மனசோடும் சிரிக்கவில்லை. (இந்த "குழந்தை மனசு" என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கும் ஒரு கும்பிடு. அதுவும் பலூன்தான், கலர்தான் வேறு.) வளர்ந்த, கடன் கட்டுகிற, முட்டி வலிக்கிற ஒரு பெண்ணாக உட்கார்ந்து சிரித்தேன்.

"என்ன இருந்தாலும் கார்ட்டூன்தானே" என்கிறவர்களுக்கு: ஒரு நொடிக்கு 24 படச்சட்டம். நேரடிப் படத்தில் நடிகர் தடுமாறினால் அது தற்செயலாக ஒரு நல்ல சிரிப்பாக அமைந்துவிடலாம். இதில் அப்படி உருவம் தானாகத் தடுமாறாது. ஒரு பாத்திரம் கண்ணை எப்போது சிமிட்ட வேண்டும், புருவம் எவ்வளவு ஏற வேண்டும் என்பதைக்கூட யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். படம் எடுக்கும் முன்பே ஓவியங்களை வரிசையாகக் கோர்த்து, தற்காலிகக் குரல் போட்டு, தங்களுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். சிரிப்பு வராத ஜோக்கைத் தூக்கிவிடுகிறார்கள். அண்ணனின் பலூன் ஜோக்கை அங்கே போட்டிருந்தால் முதல் நாளே போயிருக்கும்.

இந்தப் படத்துக்கு டேக்கர் கெல்ட்னர், லிசா டமூர் என்ற உளவியலாளர்களிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார்கள். அது தெரிந்து நான் சிரிக்கவில்லை, பிறகுதான் படித்தேன். சும்மா சொல்லி வைக்கிறேன், ஆதாரம் இல்லாமல் பேசினால் அண்ணனுக்குப் பிடிக்காது.

அடுத்தது, "இரண்டாம் பாகம் என்றாலே வசூலுக்குத்தானே" என்று ஒருவர். இருக்கட்டுமே. எந்தப் படம் நஷ்டப்படுவதற்காக எடுக்கப்படுகிறது? இன்சைட் அவுட்டை எடுத்த அதே பிக்சார் ஸ்டுடியோவின் டாய் ஸ்டோரி 2 முதலில் தியேட்டருக்கே வருவதாக இல்லை. நேராக வீடியோவில் விடலாம் என்று தொடங்கிய வேலை அது. நடுவில் யாரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் பெரும்பாலும் அழிந்தே போயின. ஸ்டுடியோவின் பேக்கப்பும் கைவிட்டது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த, அந்தப் படத்தின் தொழில்நுட்ப மேற்பார்வையாளர் கேலின் சஸ்மனின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்ததால்தான் தப்பித்தது. அப்புறமும் கதை சரியில்லை என்று ஏறக்குறைய முழுப் படத்தையும் ஒன்பது மாதத்தில் திரும்பச் செய்து 1999-இல் வெளியிட்டார்கள். வசூல் மட்டுமே குறியாக இருந்தால், கையில் இருந்ததையே வெளியிட்டிருக்கலாமே. பிள்ளை பெற்று வீட்டில் இருக்கும் பெண்ணின் மேசையில்தான் ஒரு முழுப் படமும் பத்திரமாக இருந்தது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சந்தோஷம். இந்தப் பதிவுக்கு அது சம்பந்தமில்லாத சந்தோஷம்தான், இருந்தாலும் இருக்கட்டும்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் வியாபாரம், பொம்மை விற்கும் தந்திரம் என்கிறீர்களா? ஆமாம். அடுத்து.

அண்ணனுக்கு விருது என்றால் உயிர். ஷ்ரெக் 2, அதுவும் கார்ட்டூன்தான், அதுவும் இரண்டாம் பாகம்தான், 2004-இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இருந்தது. கான் என்ற பெயரைக் கேட்டதும் எழுந்து நிற்பவர் இதற்கும் கொஞ்சம் எழுந்து நிற்கலாம். டாய் ஸ்டோரி 3 சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பட்டியலில் மற்ற பெரிய மனிதர்களின் படங்களோடு இடம்பெற்றது. வசூலைக் காட்டி நான் வாதாட மாட்டேன், அது தரத்துக்கு அளவுகோல் இல்லை. ஆனால் இன்சைட் அவுட் 2 உலகம் முழுவதும் சுமார் 169 கோடி டாலர் வசூலித்து அந்த ஆண்டின் முதலிடத்தைப் பிடித்தது. அத்தனை டிக்கெட்டையும் பிள்ளைகளா வாங்கியிருப்பார்கள்? அத்தனை பேருக்கும் பலூன் வாங்க அண்ணனுக்கு வசதி இருக்கிறதா?

இதை எழுதும்போது அக்கா ஞாபகம் வருகிறது. அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த சமயம். இருமினாலும் தும்மினாலும் தையலில் வலிக்கும், அதனால் வயிற்றின் மேல் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் யார் யாருக்கு என்னென்ன வியாதி வந்து எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஒரு மதியம் டிவியில் டாம் அண்ட் ஜெர்ரி ஓடிக்கொண்டிருந்தது. பூனை சுத்தியலை ஓங்குகிறது, எலி நகர்ந்துகொள்கிறது, பூனை தன் கால் கட்டைவிரலிலேயே போட்டுக்கொள்கிறது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அதை அணைடி, தையல் பிரிஞ்சா நீதான் பொறுப்பு" என்று கத்துகிறாள். நான் அணைக்கப் போனால், "இரு, இது முடியட்டும்" என்கிறாள். வலியில் முகம் கோணிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல், மறுபடி தலையணையை அமுக்கிக்கொண்டு. அன்று அவளுக்கு ஒரு பெரிய மேதையின் மெதுவான படத்தைப் போட்டுக் காட்டியிருக்க வேண்டுமோ? அந்தப் பூனையும் எலியும் 1940-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குறும்படங்களுக்கு ஏழு ஆஸ்கர் கிடைத்திருக்கிறது. அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் சிரித்தாள், அவ்வளவுதான்.

சிரிப்புக்கு யார் அனுமதி கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. அழுகைக்கு யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. ஒரு சோகப் படம் பார்த்து அழுதேன் என்று எழுதினால் "நுண்ணுணர்வு" என்கிறீர்கள். ஒரு சிரிப்புப் படம் பார்த்துச் சிரித்தேன் என்று எழுதினால் பலூன். இத்தனைக்கும் இந்தப் படத்தில் ஒரு இடம் இருக்கிறது. ஹாக்கி ஆட்டத்தின் நடுவே ரைலி வெளியே உட்கார வைக்கப்படுகிறாள். மூச்சு முட்டுகிறது. மண்டைக்குள்ளே பதட்டம், ரைலியை இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகையைச் சுற்றிச் சுற்றி, சூறாவளி மாதிரி ஆகி, அதன் நடுவில் கண்ணில் நீர் கோர்த்தபடி அசையாமல் நிற்கிறது. அதற்கும் நிறுத்தத் தெரியவில்லை. தியேட்டரில் அதுவரை இருக்கையில் குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட அடங்கிவிட்டார்கள். அப்படி மூச்சு முட்டிய இரவுகள் எனக்கும் உண்டு. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் ஏதாவது வாங்கிக் கொடுக்கச் சொல்வீர்கள்.

"உலகத்தில் எவ்வளவு பிரச்சினை இருக்கு, இப்போ இது தேவையா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: உலகப் பிரச்சினைகளுக்கு நடுவே என் சில வரிப் பதிவைத் தேடி வந்து கிண்டல் பண்ண உங்களுக்கு நேரம் இருந்ததே, அதே நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

"ஒரு கமெண்டுக்கு இவ்வளவு பெரிய பதிவா?" ஆமாம், இவ்வளவு பெரிய பதிவுதான். இன்னும் முடியவில்லை.

படத்தில் சலிப்பு என்று ஒரு பாத்திரம் சொன்னேனே. சோபாவில் சரிந்து படுத்திருக்கும். எழுந்து வராது. எல்லாரும் ஓடி ஓடி வேலை பார்க்கும்போது, கையில் இருக்கும் போனிலிருந்தே மொத்தக் கட்டுப்பாட்டுப் பலகையையும் இயக்கும். எதைப் பார்த்தாலும் ஒரு பெருமூச்சு. எனக்கு அந்தப் பாத்திரத்தைப் பார்த்ததும் யார் ஞாபகம் வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்போது இந்தச் சண்டையே வந்திருக்கவில்லை, அண்ணா. அன்போடுதான் சிரித்தேன்.

அது ஒன்றுதான் உறுத்துகிறது. முகம் தெரியாத யாரோ எழுதியிருந்தால் பிளாக் பண்ணிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். உங்களை நான் அண்ணா என்று கூப்பிடுகிறேன், கூட்டத்தில் எண்ணிக்கைக்காகச் சொல்கிற அண்ணா இல்லை. உங்கள் நீளமான கட்டுரைகளை, சில சமயம் எனக்குப் புரியாவிட்டாலும், கடைசி வரி வரை படிக்கிறவள் நான். நீங்கள் பரிந்துரைத்த படங்களைத் தேடிப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் தூங்கியிருக்கிறேன், அதை எங்கேயும் எழுதவில்லை. ஒருவர் சந்தோஷமாக இருந்ததை அவர் வாயால் சொல்லும்போது "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போவதற்கு எவ்வளவு செலவாகும்? அதையும் விடுங்கள். பேசாமல் போயிருக்கலாமே. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெட்டி, என் பெயர் தெரிகிற மாதிரி வைத்து, தன் பக்கத்திலும் போடுவதற்கு எத்தனை வேலை பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் வாட்ஸப்பில், பூனை மேசையிலிருந்து வழுக்கி விழுகிற வீடியோ, பூனை வெள்ளரிக்காயைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கிற வீடியோ என்று எனக்கு அனுப்புவது யார்? "இதப் பாரும்மா, சிரிச்சு சிரிச்சு முடியல" என்று கீழே எழுதுவது யார்? நானும் ஒவ்வொன்றுக்கும் மறக்காமல் சிரிப்புப் பொம்மை போட்டேனே. அத்தனையையும் இன்று காலை உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். வெள்ளரிக்காய் வீடியோவுக்குப் போட்டதை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன், அது நன்றாகத்தான் இருந்தது.