டானியின் பல்லும் செல்சியின் பல்லும்

எனக்கு முன்பல் ரெண்டுக்கும் நடுவில் சந்து உண்டு. "அதிர்ஷ்டப் பல்லுடி" என்பாள் அப்பத்தா. ஸ்கூலில் வேறு பேர் வைத்திருந்தார்கள், அது இங்கே வேண்டாம். அதனாலோ என்னவோ, 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' என்ற அமெரிக்க டிவி மாடலிங் போட்டியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ரெண்டு பேருடைய பல்தான்.

2006, ஆறாவது சீசன். டானி எவன்ஸ், ஆர்கன்சாஸின் லிட்டில் ராக் ஊர்க்காரர், கறுப்பினப் பெண். சந்தை அடைக்கச் சொல்லி பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். மாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டார். நிகழ்ச்சியை நடத்திய மாடல், ஜட்ஜும்கூட, டைரா பேங்க்ஸ் விடவில்லை. ஜெயித்தால் கவர்கேர்ள் மேக்கப் கம்பெனி ஒப்பந்தம் உண்டே, இந்தப் பல்லை வைத்துக்கொண்டு அது கிடைக்குமா என்று எல்லார் முன்னாலும் மடக்கினார். கடைசியில் டானி பாதிச் சந்தை அடைக்கச் சம்மதித்தார். அந்த சீசனில் ஜெயித்ததும் அவர்தான்.

2010, பதினைந்தாவது சீசன். செல்சி ஹெர்ஸ்லி, வெள்ளைக்காரப் பெண். அவருக்கும் சந்துப்பல். அதே டைரா, மறுபடி பல் டாக்டர். இந்தத் தடவை எதற்கு? சந்தை இன்னும் கொஞ்சம் அகலமாக்க! நல்ல பல்லை அராவி எடுத்தார்கள். செல்சி இரண்டாமிடம் வந்தார், பட்டம் ஆன் வார்டுக்குப் போனது.

"நடுவில் ஃபேஷன் மாறிவிட்டது, லாரா ஸ்டோன், ஜார்ஜியா மே ஜாகர் மாதிரி மாடல்கள் எல்லாம் சந்துப்பல்லோடுதானே கொடிகட்டிப் பறந்தார்கள்" என்று ஒரு தோழி வாதாடினாள். மாறட்டும். ஆனால் முடி என்றால் வெட்டினாலும் வளரும். அராவின பல் வளருமா? நாலு வருஷத்தில் தலைகீழாகப் போகிற ரசனைக்கு ஒருத்தியின் வாயில் கை வைப்பானேன்?

மார்க்கெட்டை அந்த ஜட்ஜ்கள் கரைத்துக் குடித்தவர்கள் என்றும் சொல்ல முடியாது. தோலில் வெண்திட்டுகளோடு வந்த வின்னி ஹார்லோ 2014 சீசனில் ஜெயிக்கவில்லை. 2018இல் விக்டோரியாஸ் சீக்ரெட் உள்ளாடைக் கம்பெனியின் ஃபேஷன் ஷோ மேடையில் நடந்தார்.

2020 லாக்டவுனில் டானியின் அந்த க்ளிப் மறுபடி சுற்றியபோது, சில முடிவுகள் தப்புதான் என்று டைரா ட்விட்டரில் ஒப்புக்கொண்டார். பதினாலு வருஷம் கழித்து!

போன மாசம் பல் க்ளீன் பண்ணப் போயிருந்தேன். "இந்த கேப்பை மூடிடலாமேம்மா, ஒரே சிட்டிங்தான்" என்றார் டாக்டர். வேண்டாம் என்றுவிட்டேன். கொள்கையெல்லாம் பாதிதான், அவர் சொன்ன ரேட் மீதி.